வேப்பங்குச்சி

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜிலிருந்து
காலை நாலரைக்கு போன்.
மார்கழி. இருபத்திரண்டு அறையும் நிரம்பியிருந்தது.
கர்னூலிலிருந்து பஸ்ஸில் வந்த கூட்டம்
வாளியோடு வராந்தாவில் நிற்கிறதாம்,
வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ஆவிதான் வருகிறதாம்.

"சூடு நல்லாவே இருக்கு யாகூப், தண்ணிதான் வரல"
என்றார் மேனேஜர் தங்கமாயன்.
"யாரும் குழாயைத் தொடாதீங்க" என்று கத்திவிட்டு
வண்டியை எடுத்தேன்.

மொட்டை மாடியில்
இருநூறு லிட்டர் தொட்டி முனகிக்கொண்டிருந்தது.
அறுபதில் நிற்க வேண்டிய முள்
நூறைத் தாண்டி, எண் எதுவும் எழுதாத இடத்தில்.
சிலிண்டரை மூடினேன். வேறெதையும் தொடவில்லை.
தண்ணீர் டேங்க் மறைவில் குத்தவைத்து
ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கோபம் தணியாத சம்பந்தியைப் பார்ப்பதுபோல.

விடிந்தபின் பார்த்தால்:
தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு விடவில்லை.
சூடு மீறினால் அறுந்துபோக வேண்டிய ஃப்யூஸ் இருந்த இடத்தில்
யாரோ முறுக்கிவைத்த செம்புக் கம்பி.
அது நானில்லை, எந்தப் பள்ளிவாசலிலும் சொல்வேன்.
கடைசியாக,
அழுத்தம் கூடினால் துப்புகிற வால்வு.
அதன் வாயில் ஒரு வேப்பங்குச்சி,
ஒரு முனை மென்றது,
வெள்ளை டேப் சுற்றி, சுத்தியலால் அடித்து இறக்கியது.

ஒச்சுவின் கன்னம் அதற்குள் சிவந்திருந்தது.
"பதினாலாம் நம்பர்காரர் வேட்டில சொட்டுதுன்னு திட்டுனாருண்ணே.
இவருதான் சொன்னாரு, சொட்டுறத நிறுத்துடான்னு."
நிறுத்தியிருக்கிறான்.
சொன்ன வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்து
அடி வாங்கியவன் அந்த லாட்ஜில் அவன் ஒருத்தன்தான்.

ஏன் சொட்டியது?
கீழே யாரும் அதைக் கேட்கவில்லை.
பச்சைத்தண்ணீர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன்.
மூன்றாவது வளைவில் பளபளவென்று
ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு.
மேலே மார்க்கர் பேனாவில் புரட்டாசித் தேதி,
பக்கத்தில் 'யா'.
கொம்பு கொஞ்சம் நீண்ட அந்த 'யா'வை
நான் மட்டும்தான் அப்படி எழுதுவேன்.

சூடேறினால் தண்ணீர் வீங்கும்.
வீங்கியது முன்பெல்லாம் வந்த வழியே பின்வாங்கும்.
"பச்சைக் குழாயிலயும் வெந்நீ வருதுப்பா" என்றார்கள் என்று
அந்த வழியை அடைத்து
நானூற்றைம்பது ரூபாய் வாங்கிப் போயிருந்தேன்.
போக இடமில்லாதது
வால்வு வழியே சொட்டுச் சொட்டாகச் சொல்லிப் பார்த்திருக்கிறது,
மூன்று மாதம்,
ஒரு வேட்டி நனையும் வரைக்கும்.

டவுன்ஹால் ரோட்டில் கடை திறக்கப் பத்தானது.
புது தெர்மோஸ்டாட், ஃப்யூஸ், புது வால்வு,
வீக்கத்தை வாங்கிக்கொள்ள ஒரு சின்னச் சிவப்புக் கலம்,
அது என் காசில்.

பைலட்டைப் பற்றவைத்துக்
குமிழை முப்பது நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.
சுடருக்குள் நீட்டிய விரல்கனக் கம்பி சூடேறி
முப்பது மில்லிவோல்ட் கொடுக்கும்,
டார்ச் பல்புகூட எரியாது அதில்.
ஆனால் அதுதான் கேஸ் கதவைத் திறந்து பிடித்திருக்கிறது.
சுடர் அணைந்தால் கம்பி குளிரும், கதவு சாத்தும்.
நெருப்பு இருக்கிறதென்று நெருப்பேதான் சொல்ல வேண்டும்,
வேறு யார் சொன்னாலும் அது ஏற்காது.

இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று
ஒச்சு சத்தமாக எண்ணினான்.
முப்பதில் விரலை எடுத்தேன். நின்றது.

பில்லில் எழுதினேன்:
'நான்-ரிட்டர்ன் வால்வு, என் தவறு. கூலி இல்லை.'
தங்கமாயன் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருமுறை படித்தார்.
"அப்ப சாமானுக்கும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்ல?"

"குறைச்சுக்கங்க" என்றேன்.
"அந்தப் பயல அடிச்சதுக்கு என்ன போடுறது?"
அவர் லெட்ஜரைத் திருப்பிக்கொண்டார்.

மாடிப்படியில் ஒச்சு டீயோடு வந்தான்.
"அண்ணே, இனிமே சொட்டுனா?"
சொட்டினால் கீழே வாளியை வை,
எனக்கு போன் போடு,
வேப்பங்குச்சியில் பல்லை மட்டும் விளக்கு.
சிரித்தான், சிவந்த பக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாக.